ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஸ்ரீரங்கம்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி மைமூன், வீட்டுக்காரர் வரதன், அவர் மனைவி பத்மா மாமி, எங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஆட்டோக்காரர் மணிகண்டன். மணிகண்டன் வாசலோடு நின்றிருக்க வேண்டியவர். குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார், பேச்சு சூடானதும் போக மனம் வரவில்லை. ஆறாவதாக யாரும் இல்லை. இவ்வளவு சரியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அங்கே நடந்ததை நாளைக்கு யாராவது வேறு மாதிரிச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். ரொட்டிக் கல்லை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி ஓடுகிற ஆள் நான்.

மலேசியாவில் ஈப்போ ஊரில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் போடுகிறேன், நம்ம ஊர் பரோட்டா மாதிரி. பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. இந்த வருஷம் எனக்கும் மைமூனுக்கும் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டது. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கி, கடனை அடைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்களில் வழக்கம். ஈப்போ பள்ளிவாசல் உஸ்தாத் இதில் கறாரானவர். "அல்லாஹ்வுக்குச் செஞ்ச குறையை அல்லாஹ்கிட்ட கேட்டுக்கலாம். மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன்கிட்டதான் கேட்கணும். அவன் நம்ம ஆளா வேற ஆளான்னு அதுல பேதம் கிடையாது" என்பார்.

ஒரு நோட்டில் பெயர்களை எழுதினேன். சீட்டுக்காரர், ஈப்போவில் பழைய முதலாளி, பக்கத்துக் கடைச் சீனர், மைமூனின் தம்பி என்று ஒவ்வொருவராகப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு பெயர் மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் மிச்சம் இருந்தது. "ஸ்ரீரங்கத்து வரதன் சாமி." அவ்வளவுதான் தெரியும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் வேலை பார்த்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. வரதன் சாமி கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர். விடியற்காலையில் வந்து ஒரு மூட்டை சேனைக்கிழங்கைப் பொறுக்கி, சாக்கில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துவிட்டு வாழையிலை வாங்கப் போனார். அந்த மூட்டையை நான் கூடுதல் விலைக்கு இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து கேட்டார். நான் எதிர்த்துப் பேசினேன். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினேன். லாரியிலிருந்து சரக்கு இறக்குகிற மேடையிலிருந்து கீழே கல்லில் விழுந்தார். கண்ணாடி உடைந்து, நெற்றி பிளந்து, வெள்ளை வேட்டியெல்லாம் ரத்தம். கூட்டம் சேர்ந்தது. "கோயில் ஆளை அவங்க ஆளு அடிச்சுட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். நான் ஓடிவிட்டேன். ஏற்கெனவே விசா வந்திருந்தது. பத்தாம் நாள் மலேசியா.

அதற்குப் பிறகு ஊருக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். திருச்சிக்கு நேராக விமானம் இருந்தும், சென்னையில் இறங்கி ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போவேன். திருச்சி விமான நிலையத்தில் என் பெயரைத் தட்டினால் போலீஸ் கேஸ் எழுந்து நிற்கும் என்று நினைப்பு. இந்தத் தடவை மைமூன் ஒரே பிடியாகத் திருச்சிதான் என்றாள். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினாள். எனக்குத்தான் கைக்குட்டை நனைந்துவிட்டது.

வியாழக்கிழமை. திருச்சி வெயில் தலையில் கை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஈப்போவில் சாயங்காலம் ஒரு மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகும். இங்கே மேகம் வேடிக்கை பார்க்கக்கூட வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். தொழில் புத்தி விடுமா, மாஸ்டர் மாவு வீசுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோளால் வீசினார். மணிக்கட்டால் வீச வேண்டும். ஆனால் சால்னா ருசியில் எங்கள் பருப்புக் கறி கிட்ட வராது. "பாராட்டறதுன்னா பாராட்டிட்டுப் போங்க, எதுக்கு அவரை முறைக்கிறீங்க?" என்றாள் மைமூன்.

மதியம் காந்தி மார்க்கெட். அந்த மண்டி முதலாளி மௌத்தாகி, அவர் இல்லாமல் மண்டி கை மாறியிருந்தது. அந்த மேடை மட்டும் அப்படியே இருந்தது. ஓரத்தில் தலைத்துண்டை விரித்துப் படுத்திருந்தார் பழைய சுமைதூக்கும் ஆள் கருப்பையா. எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. தாடியும் தொப்பையும் வந்த என்னை அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்ரீரங்கத்துல வரதன் சாமின்னு ஒரு சமையல்காரர்…"

"ஆமா, என்ன விஷயம்?"

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். "ஒரு விசேஷத்துக்குச் சமையல் ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டேன்.

கருப்பையா என் தொப்பியையும் மைமூனின் முக்காட்டையும் பார்த்தார். "நீங்க வைக்கிற விசேஷத்துக்கு அய்யங்கார் சமையலா? ஊரு முன்னேறிடுச்சு தம்பி" என்று சிரித்தார். "அவரு கரண்டியைக் கீழ வெச்சு வருஷக் கணக்காச்சு. சித்திரை வீதிதான். 'பயந்தாங்கொள்ளி வரதன் வீடு'ன்னு கேளுங்க, காட்டுவாங்க." ஏன் அந்தப் பெயர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் பொய்யில் தொடங்கியிருக்கிறேனே என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிக்கும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி, உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும் என்று சொல்கிறோம். சின்ன வயதிலிருந்து நாளுக்குப் பல தடவை சொன்ன வார்த்தை. அன்றைக்குத்தான் வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வேர்த்து வழிந்த மெக்கானிக். இன்னொரு பக்கம் தூண்.

பிறகு ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தால் கீழே மணல்தான் தெரிந்தது, நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். கண்டக்டர் "கோயில் எறங்கு!" என்று கத்தினார். பதற்றத்தில் மைமூனையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அது திருவானைக்கோயில். அங்கேதான் மணிகண்டனின் ஆட்டோ கிடைத்தது. மணப்பாறைக்காரர். உட்கார்ந்ததும் தன் ஊர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். பெருமாளைத் தேடி டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள், ஸ்ரீரங்கம் கோயிலில் இருக்கும் துலுக்க நாச்சியார் கதையையும் ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. மீதிக் கதைக்குள் ஆட்டோ நின்றுவிட்டது.

"கேஸ் தீர்ந்துபோச்சு பாய். பங்க் கிட்டதான். ஒரு தள்ளு தள்ளுங்க."

"தள்றது அவருக்குப் பழக்கம்தான்" என்றாள் மைமூன். அந்த வெயிலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையில் ஈப்போவிலிருந்து கொண்டுவந்த காப்பித் தூளும் பிஸ்கட்டும் இருந்தன. பிஸ்கட் வாங்கும்போது ஹலால் முத்திரை தேடுகிற அதே கண்ணால் டப்பா டப்பாவாகத் திருப்பி முட்டை இருக்கிறதா என்று தேடினேன். நாம் மற்றவர்களிடம் எதிர்பார்க்கிற கவனத்தை நாமும் காட்ட வேண்டாமா.

வரதன் சாமியே கதவைத் திறந்தார். மெலிந்து, முதுகு லேசாக வளைந்திருந்தது. நெற்றியில் திருமண், அதற்குப் பக்கத்தில் புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் ஒரு பழைய தழும்பு. "வாங்கோ, வாங்கோ. யாருன்னு தெரியலையே" என்றார்.

கூடத்தில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "மார்க்கெட்ல உங்களைத் தள்ளிவிட்டது நான்தாங்க. ஜமால். ஹஜ்ஜுக்குப் போறேன். நீங்க மன்னிச்சாத்தான் எனக்குப் போக மனசு வரும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஈப்போவிலிருந்து ஒத்திகை பார்த்துக் கொண்டுவந்ததில் பாதி விட்டுப்போய்விட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அந்தச் சேனைக்கிழங்கு! அட, உக்காருங்கோ. அதை அன்னிக்கே மன்னிச்சாச்சு."

உஸ்தாத் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க சம்பிரதாயத்துலயும் இதேதான். பெருமாளுக்குப் பண்ணின அபசாரத்தைப் பெருமாள் பொறுத்துண்டுடுவார். அவரோட அடியாருக்குப் பண்ணினதைப் பொறுக்க மாட்டார். அந்த அடியார்கிட்டயே போய் நிக்கணும்" என்றார். ஈப்போ உஸ்தாதும் ஸ்ரீரங்கத்து வரதன் சாமியும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. வந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுக்களை நிலையிலிருந்து குரல் வந்தது. "அவர் மன்னிச்சுட்டார். நான் மன்னிக்கலை."

பத்மா மாமி. கையில் காப்பித் தம்ளர்கள், காப்பியைத் தராமல் பிடித்துக்கொண்டு நின்றார். வரதன் சாமி "விடேன், பத்மா" என்றார்.

"எதுக்கு விடணும்? இவர் என்னண்ட ஒரு வார்த்தை கேட்டாரா? ஸ்டேஷன் வாசல்ல நாப்பது பேர் நின்னா. கேஸ் குடுங்கோ, சும்மா விடப்படாதுன்னு ஒரே கூச்சல். நெத்தியில ஆறு தையலோட உள்ள போய் இவர் என்ன சொன்னார் தெரியுமோ? வாழையிலைச் சருகுல வழுக்கி நானே விழுந்தேன்னுட்டார்."

எனக்கு இது தெரியாது. இருபத்தாறு வருஷமாக நான் பயந்த கேஸ் ஒன்று கிடையவே கிடையாது என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"நின்னுண்டிருந்தவா எல்லாம் காறித் துப்பாத குறை. பயந்தாங்கொள்ளி வரதன்னு பேர் வெச்சா. மூணு மாசம் ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடலை. உடைஞ்ச கண்ணாடிக்கு என் மூக்குத்தியை அடகு வெச்சேன். நூத்தியெண்பது ரூபா. காய்கறிக்காரன்கூட இன்னும் அந்தப் பேரைத்தான் சொல்றான். இதுக்கெல்லாம் யார் மன்னிப்புக் கேக்கறது?"

வரதன் சாமி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "எனக்கு வீரமெல்லாம் கிடையாது. கீழ கிடந்தபடி உங்க முகத்தைப் பார்த்தேன். என்னை விட நீங்கதான் நடுங்கினேள். உங்க பேரைச் சொன்னா அன்னிக்கு எத்தனை கடை எரியுமோன்னு தோணித்து, சொல்லலை. ஆனா பொய் பொய்தானே? பெருமாள் முன்னாடி நிக்கறச்சே அது ஒண்ணு மட்டும் நெருடிண்டே இருக்கும்."

நான் படித்தவன் இல்லை. யாரிடமும் மார்க்கம் பேசியதில்லை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"சாமி, அது பொய்க் கணக்குல வராதுங்க. ஜனங்களைச் சமாதானப்படுத்த நல்லதைச் சொல்றவன் பொய்யன் இல்லைன்னு எங்க நபிமொழியில இருக்கு. இன்னொண்ணும் இருக்கு மாமி. மல்லுக்கட்டி அடுத்தவனைச் சாய்க்கிறவன் பலசாலி இல்லை. கோபம் வர்ற நேரத்துல தன்னை அடக்கிக்கிறவன்தான் பலசாலி. அப்படிப் பார்த்தா அன்னிக்கு மார்க்கெட்லயே பலசாலி சாமிதான். பயந்தாங்கொள்ளி நான். அடிச்சுட்டு ஓடினவன் நான்தானே?"

மணிகண்டன் சொம்பைக் கீழே வைக்க மறந்து நின்றார். மாமி காப்பித் தம்ளர்களை மேஜையில் வைத்தார். கண்ணைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டார்.

"இதை அன்னிக்கு யாராவது வந்து சொல்லியிருக்கப்படாதா?" என்றார்.

மைமூன் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். "இப்பச் சொல்லச் சொல்லுங்க மாமி. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்வார்." நான் சட்டைப்பையிலிருந்த கவரை எடுத்தேன். வருஷக்கணக்காகச் சேர்த்தது. மாமி அதைத் தொடவில்லை.

"எனக்கு என்ன தானமா குடுக்கறேள்? எங்க பேர் வெச்சாளோ அங்க போய்ச் சொல்லுங்கோ, தள்ளினது நான்தான்னு. அப்புறம் வாங்கோ, பார்க்கலாம்."

அதே மார்க்கெட்டிலா? மறுபடியும் கூட்டம் சேர்ந்தால்? போலீஸ் வந்தால்? மணிகண்டன்தான் வாயைத் திறந்தார். "பாய், அன்னிக்கு டியூட்டியில இருந்த ஏட்டய்யா ரிட்டையர் ஆகி, பேரனுக்குக் காது குத்தியிருப்பாரு. காலையில அஞ்சு மணிக்கு வண்டி கொண்டாரேன். கேஸ் ஃபுல்லா போட்டுக்கிட்டு."

காப்பி குடித்தோம். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் அந்த மாதிரிக் காப்பி ஈப்போவில் கிடையாது என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை. விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். மார்க்கெட் விடியும் முன்பே விழித்து, லாரி லாரியாகச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மேடை மேல் ஏறி நின்றேன். "நான்…" என்றேன். யாரும் திரும்பவில்லை. வெண்டைக்காய் மூட்டை என்னை இடித்துக்கொண்டு போனது. நேராகக் கருப்பையாவிடம் போனேன்.

"அண்ணே, முந்தாநாள் உங்ககிட்ட பொய் சொன்னேன். எனக்குச் சமையல் ஆள் வேண்டாம். வரதன் சாமியை இந்த மேடையிலேருந்து தள்ளிவிட்டது நான்தான். அவரு வழுக்கி விழல. இங்க அடிதடி ஆகக் கூடாதுன்னு என் பேரைச் சொல்லாம விட்டாரு. அவரு பயந்தவரில்லை. இதை எல்லாருக்கும் சொல்லணும், எனக்குக் குரல் வரல."

கருப்பையா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அடப்பாவி, ஜமாலு! நீதானா?" சட்டென்று திரும்பி ஒரு குரல் கொடுத்தார், லாரியே நின்றிருக்கும். "ஏய், எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கப்பா! இவரு ஒண்ணு சொல்றாரு, கேளுங்க!"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். என் பெயர், ஊர், மூட்டை, தள்ளியது, ஓடியது, ஸ்டேஷனில் அவர் சொன்னது. ஒரு மூட்டை தூக்குகிறவர் பாரத்தோடேயே நின்று கேட்டார். எனக்கு அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "சரிங்க பாய், இப்ப வழி விடுங்க, தக்காளி நசுங்குது" என்றார் ஓர் இளைஞர். சிரிப்பு கிளம்பியது. பழைய ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. பூசணிக்காய்க் கடைப் பெரியவர் எழுந்து நின்று, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் ஒரு மூட்டை சேனைக்கிழங்கு விலை பேசினேன். கருப்பையாவே அதைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். பிறகு தானும் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எங்கண்ணே?"

"பேரு வெச்சது நான்தான் தம்பி. நீ போய் நிக்கிற, நான் எப்படி இங்க நிக்கிறது?"

சித்திரை வீதி வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கருப்பையா தலைத்துண்டை அவிழ்த்தார். "சாமி, அந்தப் பேரை மொதல்ல சொன்னவன் நான். இன்னியோட அது மார்க்கெட்ல கிடையாது. மன்னிச்சுடுங்கம்மா" என்றார். சாமி என்று தொடங்கி, அம்மாவிடம் முடித்தார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "இத்தனை சேனையை ரெண்டு பேர் என்ன பண்றது? உள்ள வாங்கோ எல்லாரும். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். சேனை வறுவல், சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசம், தயிர் சாதம். மைமூன் காய் நறுக்க உட்கார, மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. வரதன் சாமி பல வருஷத்துக்குப் பிறகு கரண்டி பிடித்தார். நான் ரொட்டி போடுகிறவன், கையைப் பார்த்தால் ஆளைச் சொல்வேன். அந்தக் கை எதையும் மறக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மாமி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "மன்னிச்சேன். மனசாரச் சொல்றேன். க்ஷேமமா போயிட்டு வாங்கோ." பிறகு கையை நீட்டினார். "கண்ணாடிக் காசு மட்டும் குடுங்கோ. அது என் காசு. நூத்தியெண்பது. ஒரு ரூபா கூட வேண்டாம்."

என்னிடம் இரண்டு நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது, கொடுத்தேன். மாமி அஞ்சறைப் பெட்டியில் தேடினார், சுவாமி அலமாரியில் தேடினார். இருபது ரூபாய் சில்லறை இல்லை. மணிகண்டன் எடுக்கப் போனார். மாமி ஒரு பார்வை பார்த்தார். அவர் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

"விட்டுடுங்க மாமி, இருபது ரூபாதானே" என்றேன்.

"அதெப்படி? மனுஷாளுக்குப் பட்ட பாக்கியை மனுஷாகிட்டதான் தீர்க்கணும்னு நேத்திக்கு நீங்கதானே சொன்னேள்?"

"நான் மன்னிச்சுட்டேன் மாமி."

"நான் கேக்கலையே. ஹஜ்ஜு முடிஞ்சு, ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கோங்கோ."

ஆட்டோவில் ஏறியதும் நோட்டைத் திறந்து கடைசிப் பெயரையும் அடித்தேன். நான் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. பக்கத்தைத் திருப்பிப் புதிதாக ஒரு வரி எழுதினேன். பத்மா மாமி, சித்திரை வீதி, ஸ்ரீரங்கம். எனக்கு வர வேண்டியது இருபது ரூபாய்.